அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் தாளில் அந்த மூன்று வருஷத்தை எழுதலாமா?

குன்னூர் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஐப்பசியில் அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. திதி முடிந்து சாப்பாடு போடும்போது வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவுத் தாள் அச்சடிக்கலாம் என்று அண்ணன் சொன்னார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் மாதிரி அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் "பாசமிகு தந்தை, பண்பின் சிகரம், குடும்பத்தின் ஒளிவிளக்கு". பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்திவிடும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அப்பா மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். 1946இல் பிறந்தவர். 1968இல் கேங்மேனாகச் சேர்ந்து, தண்டவாளத்தில் சரிந்து விழும் மண்ணையும் பாறையையும் அகற்றும் வேலையில் சில வருஷம் இருந்து, பிறகு பிரேக்ஸ்மேன் ஆனார். 2006இல் ஓய்வு. ஊட்டி ரயிலில் போனவர்கள் எல்லோரும் அப்பா மாதிரி ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் முன்பக்கம், வெளியே, கையில் கொடியோடு நிற்பாரே, அவர்தான். மேலே ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் நிற்கிற பிரேக்ஸ்மேனுக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. வெறும் தண்டவாளம், பாலம், குகை, அதற்கப்பால் காடு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடி போனால் ஓர் அடி ஏறுகிற பாதை. நடுவில் பல் வைத்த தண்டவாளம், அதைப் பிடித்துக்கொண்டு ஏறும் பல்சக்கரம். பெட்டிக்குப் பெட்டி ஆள் நின்று பிரேக் பிடித்தால்தான் வண்டி பத்திரமாக இறங்கும்.

வீட்டிலும் அவர் பிரேக்ஸ்மேன்தான். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற 90 படிகள். ஏறும்போது எங்களை ஓட விடுவார். இறங்கும்போது மட்டும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். விரலைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டைத்தான். மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில், டியூட்டிக்குக் கிளம்பும் முன் அண்டாவில் வெந்நீர் போட்டு, அம்மாவுக்கு ஒரு பாத்திரம், எங்களுக்கு ஒரு பாத்திரம், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு சொம்பு எடுத்து வைத்துவிட்டுத்தான் போவார். அந்தப் பாட்டி எங்களுக்கு எந்த வகையிலும் உறவு இல்லை.

குன்னூர்க் குளிரில் வாழை சரியாக வராது. முருங்கையும் அப்படித்தான். அதனால் எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் வாழை இலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அப்பா தோளில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தன. தந்தி மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் இலைக்கட்டு இரண்டு நடை. காசு வாங்கினால் வாங்கிய விலைதான், ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

அப்புறம் மரண நிதி. தெருவில் வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய் போட்டு, சாவு விழுந்த வீட்டுக்குச் செலவுக்குக் கொடுப்பார்கள். அந்த நோட்டு 22 வருஷம் அப்பாவிடம் இருந்தது. மலைச் சரிவில் ஒரு பாடையைப் படியேற்றி ரோட்டுக்குக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அப்பா பின்பக்கம் பிடிப்பார், பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த விறகு கிடைக்காது என்று, வீட்டுப் பின்புறம் தகரம் போட்டுக் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகை எப்போதும் ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார். அடுப்புக்கு அதிலிருந்து ஒரு துண்டு எடுக்க விட மாட்டார். "இது தெருவோடது" என்பார். போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. அவரை எரித்தது அந்த விறகுதான்.

இதையெல்லாம் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கம் இனிமேல் சொல்லப்போவதில்.

அண்ணன் 1999இல் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணி வேறு மதம். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. மூன்று வருஷம் அண்ணனோடு பேசவில்லை. அவர்கள் குடியிருந்தது மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில். அப்பா சாயங்கால வண்டியில் இறங்கி, அங்கேயே ரயில் ஊழியர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் படுத்து, மறுநாள் காலை வண்டியில் ஏறுவார். ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மா அழுதார், நான் சண்டை போட்டேன், அவர் வாயே திறக்கவில்லை.

அண்ணி ஒரு காரியம் செய்தார். அது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். வண்டி வருகிற நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரக் கடைசியில் இருக்கும் பெஞ்சில் ஒரு டிபன் கேரியரை வைத்துவிட்டு வந்துவிடுவார். பேச மாட்டார், நிற்கவும் மாட்டார். காலையில் போய்ப் பார்த்தால் கேரியர் கழுவி, அதே பெஞ்சில் இருக்கும். மேல் அடுக்கில் மட்டும் ஏதாவது இருக்கும். சீசனில் பிளம்ஸ், ஆடியில் பேரிக்காய், மற்ற நாளில் நாலு கேரட் அல்லது பொட்டலம் கட்டிய வர்க்கி. இப்படியே நடந்தது. பிறகு அண்ணிக்குப் பிரசவ நேரம் வந்து இரண்டு நாள் பெஞ்சு காலியாக இருந்தது. மூன்றாம் நாள் அப்பா விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். கையில் ஒன்றும் இல்லாமல் போய் வாசலில் நின்றிருக்கிறார். அதன் பிறகு அந்தப் பேத்திக்காக அவர் செய்ததை எழுதத் தனித் தாள் வேண்டும்.

என் கேள்வி இதுதான். நினைவுத் தாளில் இந்த மூன்று வருஷத்தை எழுதலாமா? எழுதினால் அப்பாவைக் குறை சொன்னது போல ஆகுமா? எழுதாவிட்டால் தாளில் இருப்பவர் என் அப்பாவாக இருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சுக்கூடத்துக்காரர், மேட்டுப்பாளையம்:

சகோதரி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். தொழில் முறையில் மட்டும் சொல்கிறேன். மாதத்துக்கு நாலைந்து நினைவுத் தாள் என் கையால் போகிறது. "பண்பின் சிகரம்" எல்லாவற்றிலும் உண்டு, அதை யாரும் படிப்பதில்லை. வாழை இலையை எழுதுங்கள். விறகை எழுதுங்கள். உங்கள் தெருக்காரர்கள் அந்த வரியைத்தான் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.

ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். முதல் பக்கம் படம், கடைசிப் பக்கம் குடும்பத்தார் பெயர். நடுவில் இரண்டு பக்கம்தான் உங்களுக்கு. பெரியவர்கள் படிக்க வேண்டும் என்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் 250 சொல் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் ஸ்டூடியோவில் எடுத்ததை விட, டியூட்டி உடுப்பில் யாராவது எடுத்தது இருந்தால் தேடுங்கள். வெளிநாட்டுப் பயணிகள் பிரேக்ஸ்மேன்களை நிறையப் படம் எடுப்பார்கள், சிலர் தபாலில் அனுப்பியும் வைப்பார்கள். பழைய பெட்டியில் பாருங்கள்.

மூன்று வருஷ விஷயத்தில் நான் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கோத்தகிரி அக்கா:

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. சாப்பிட வருகிறவர்களில் எல்லோரும் உன்னைப் போல நினைக்க மாட்டார்கள். கை கழுவும் இடத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிடும், "அந்தக் கல்யாணம்" என்று. இருபது வருஷத்துக்கு மேல் ஆறிப்போனதை உன் அண்ணி மறுபடி எல்லோர் முன்னாலும் சுமக்க வேண்டுமா?

எங்கள் வீட்டிலும் ஒரு மருமகள் அப்படி வந்தவள். என் மாமனார் இறந்த அன்று அவளைப் பற்றி யாரோ ஒரு வார்த்தை சொல்ல, அவள் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ கேட்க வேண்டியது எங்களிடம் இல்லை. உன் அண்ணியிடம் கேள். அவர் சரி என்றால் எழுது. இல்லை என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடு.

கேத்தி ஹட்டிக்காரன்:

அக்கா சொன்னது சரிதான், அண்ணியிடம் கேட்க வேண்டும். ஆனால் "குறை சொன்னது போல ஆகுமா" என்று கேட்டீர்களே, அதற்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லத் தோன்றியது. நான் படுகன். எங்கள் சாவில் கரு ஹரசோது என்று ஒன்று உண்டு. பாடையைச் சுற்றி ஊர் கூடி நிற்க, ஒரு பெரியவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். பாம்பைக் கொன்றிருந்தால், பல்லியைக் கொன்றிருந்தால், எல்லைக்கல்லை நகர்த்தியிருந்தால், அடுத்தவன் எருமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்தால், அது பாவம். கூட்டம் கூடவே சொல்லும். 1300 பாவம் செய்திருந்தாலும் அத்தனையும் போகட்டும் என்று கேட்பார்கள். முன்காலத்தில் ஒரு எருமைக் கன்றைக் கொண்டுவந்து அதன் மேல் பாவத்தை ஏற்றி விட்டுவிடுவார்களாம். அந்தக் கன்றை அப்புறம் யாரும் வேலைக்குப் பிடிக்க மாட்டார்கள்.

என் தாத்தாவுக்குச் சொன்னபோது எனக்குப் பதினோரு வயது. என் தாத்தா எந்த எல்லைக்கல்லையும் நகர்த்தாதவர் என்று எனக்குத் தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று அழுகையும் கோபமுமாக வந்தது. என் பெரியப்பா காதில் சொன்னார்: "இது எல்லோருக்கும் சொல்வதுதான். நல்லவன், கெட்டவன் பார்த்துச் சொல்வதில்லை." பாவத்தைச் சொல்லி முடித்ததும், அவர் போகிற வழியில் இருக்கும் நூல் பாலம் அறாமல் நிற்கட்டும், சொர்க்கத்துக் கதவு திறக்கட்டும் என்று வேண்டுவார்கள். சொன்னால்தான் பாலம் தாங்கும் என்பது எங்கள் பெரியவர்கள் கணக்கு. மலை ரயில் பாதையின் 250 பாலத்தின் மேல் ஆயுசு முழுக்கப் போய் வந்தவருக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கும்.

நாங்கள் சாவில் சொல்கிறோம், நீங்கள் தாளில் எழுதப் பார்க்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

இன்னொன்று. 2009 நவம்பரில் எங்கள் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அந்த வாரம் காய்ந்த விறகுக்கு நாங்கள் அலைந்ததை நான் மறக்க மாட்டேன். உங்கள் அப்பா தகரத்துக்கு அடியில் அடுக்கி வைத்ததன் அருமை எங்களுக்குத் தெரியும்.

பழைய ரயில்காரன்:

அம்மா, வணக்கம். இரண்டு நாளாக உங்கள் பதிவைப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நானும் அந்த லைனில் பிரேக்ஸ்மேன். உங்கள் அப்பாவுக்கு ஜூனியர். பெயர் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். அந்த கேரியரை எனக்குத் தெரியும். மூன்று அடுக்கு, பித்தளைக் கொக்கி, மூடியில் ஒரு பக்கம் ஒடுக்கு விழுந்திருக்கும்.

எங்கள் வேலையைப் பற்றி முதலில் ஒன்று சொல்கிறேன், அப்போதுதான் அடுத்தது புரியும். பெட்டிக்கு இரண்டு பிரேக் உண்டு, சக்கரத்துக்கு ஒன்று, பல்சக்கரத்துக்கு ஒன்று. டிரைவர் விசில் கொடுத்தால் எல்லாப் பெட்டிக்காரனும் ஒன்றுபோலப் பிடிக்க வேண்டும், ஒன்றுபோல விட வேண்டும். ஒருவன் அதிகம் பிடித்தால் பெட்டி இடிக்கும், ஒருவன் விட்டுவிட்டால் அடுத்தவன் மேல் பாரம் போகும். பல்சக்கரப் பாதையில் வண்டி மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த வேகத்தில்தான் ஒரு மனுஷனை நன்றாகப் பார்க்க முடியும். உங்கள் அப்பா என் முன் பெட்டியில் நின்றால் எனக்குக் கவலை இல்லை. ஹில்குரோவ் தாண்டி ஒரு தடவை தண்டவாளத்தில் யானை, குட்டியோடு. சிவப்புக் கொடியைக் காட்டிவிட்டு, அது தானாகப் போகிற வரை சத்தமில்லாமல் நின்றார். பயணிகள் யாரையும் கத்த விடவில்லை. அரை மணி நேரம் ஆனது.

இப்போது நீங்கள் அறியாத ஒன்று. அந்த மூன்று வருஷம் அவருக்கு மேட்டுப்பாளையம் டியூட்டி தானாக வரவில்லை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் ஓடுகிற வண்டி விழுந்தால் ராத்திரி வீட்டில் படுக்கலாம், எல்லோரும் அதைத்தான் விரும்புவோம். அவர் தனக்கு அது விழுந்த நாளில் எங்களில் யாரிடமாவது வந்து மாற்றிக் கேட்பார். என்னிடமே எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறார். எனக்குச் சின்னக் குழந்தை, வீட்டுக்குப் போகலாமே என்று சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். ஏன் என்று கேட்டதில்லை. வீட்டில் டியூட்டி அப்படிப் போட்டிருக்கிறது என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வண்டி நின்றதும் நாங்கள் எல்லாம் கை கால் கழுவப் போவோம். அவர் மட்டும் பெட்டியில் ஏதோ சரிபார்ப்பது போல உள்ளேயே இருப்பார், உங்கள் அண்ணி கேரியரை வைத்துவிட்டு ஸ்டேஷன் வாசலைத் தாண்டும் வரை. அப்புறம்தான் இறங்கி வருவார். யாருக்கும் ஒரு வாய் கொடுக்க மாட்டார். எதையும் பங்கு போட்டுச் சாப்பிடுகிற மனுஷன், அதை மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். பெஞ்சு காலியாக இருந்த அந்த இரண்டு ராத்திரியும் அவர் படுக்கவில்லை. ரன்னிங் ரூம் திண்ணையில் பீடி கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான், "அண்ணே, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அவர் போன செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. தோள் கொடுக்க முடியவில்லை என்ற வருத்தம் உண்டு. திதி அன்று வருவேன். வாழை இலை நான் கொண்டுவருகிறேன், மறுக்காதீர்கள்.

குன்னூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது. ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "டியூட்டி ஜாஸ்தின்னு சொல்லிச் சொல்லி ஸ்வெட்டர் ஒண்ணு கூடுதலா எடுத்துட்டுப் போவாரு" என்று மட்டும் சொன்னார். நீங்கள் இலை கொண்டுவாருங்கள். 150 பேருக்கு வேண்டும். நீங்கள் எந்த வரிசையில் உட்காருகிறீர்களோ அந்த வரிசையில் அண்ணன் பரிமாறுவார்.

கோத்தகிரி அக்கா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் போய் அண்ணியிடம் கேட்டேன். இந்தப் பதிவுகளை எல்லாம் அவரே போனில் படித்தார். ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தார். வாசலைத் தாண்டும் வரை அப்பா பெட்டிக்குள் இருந்தார் என்பது அவருக்கும் தெரியாது. தான் நின்று பார்த்தால் அப்பா எடுக்க மாட்டாரோ என்று பயந்து, திரும்பியே பார்க்காமல் வேகமாக நடந்துவிடுவாராம். கேரியர் அவரிடம்தான் இருக்கிறது. ஒடுக்கு விழுந்த மூடிதான். இப்போது அதில் பேத்திக்கு ஹாஸ்டலுக்குப் பலகாரம் போகிறது.

எழுதச் சொல்லிவிட்டார். நான் எழுதி வைத்திருந்ததை வாங்கிப் படித்தார். இப்படி எழுதியிருந்தேன்:

"எங்கள் அப்பா மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தார். இந்தத் தெருவின் விசேஷங்களுக்கு வாழை இலையும், இந்தத் தெருவின் சாவுகளுக்குக் காய்ந்த விறகும் கொண்டுவந்தார். இறங்கும்போது எங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். மகன் தானே பார்த்து முடித்த கல்யாணத்துக்காக மூன்று வருஷம் மகனோடு பேசாமல் இருந்தார். அந்த மூன்று வருஷமும் மருமகள் சமைத்து வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவி, மலையில் விளைந்த பழத்தை வைத்து அனுப்பினார்."

அண்ணி ஒரே ஒரு இடத்தில் பேனாவை எடுத்துத் திருத்தினார். மூன்று வருஷம் என்பதை அடித்துவிட்டு, இரண்டு வருஷம் ஏழு மாதம் என்று எழுதினார்.